பாத்திக் துணி வாங்கிய நிலம்

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கடற்காற்றிலிருந்தும் மரநிழலிலிருந்தும் தொடங்குவதுதான் வழக்கம். கணக்கு வழக்கிலிருந்து தொடங்குவது மேல் என்று எனக்குப் படுகிறது. அந்த இடத்தை உண்டாக்கியது துணி விற்ற காசு.

வேளச்சேரியில் குடியிருக்கும் எங்களுக்கு, கிராமம் இருக்கும் இஞ்சம்பாக்கம் வெளியூர் இல்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ரேடியல் சாலையில் போய், துரைப்பாக்கத்தைத் தொட்டு, பழைய மகாபலிபுரம் சாலையையும் பக்கிங்காம் கால்வாயையும் கடந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்துவிடும். ஆனால் ஊரிலிருந்து வரும் விருந்தாளியை ஃபீனிக்ஸ் மாலுக்குக் கூட்டிப்போவோம். கொஞ்சம் மெனக்கெட்டால் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவுக்கும் மகாபலிபுரத்துக்கும். போகிற வழியில்தான் சோழமண்டலம் இருக்கிறது. வண்டி பெரும்பாலும் நிற்பதில்லை. நிற்காததற்கு நம் ரசனைக் குறைவைக் காரணம் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் 2016இலேயே அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட ஒரு நிறுவனம் இனியும் ரசிகர்மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. அதையும் தராசில் ஏற்றித்தான் ஆகவேண்டும்.

எந்தப் படிக்கல்லால் நிறுப்பது என்பதில்தான் சிக்கல். விற்பனை விலையை வைத்து நிறுத்தால் சோழமண்டலம் பம்பாய் ஓவியர்களுக்கு முன்னால் இலேசாகப் போய்விடும். புகழை வைத்து நிறுத்தால் அது கனக்கும்; இந்தியாவின் நெடுநாள் நிலைத்த ஓவியர் குடியிருப்பு என்ற பெயர் அதற்கு இருக்கிறது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, தொடங்கியவர்கள் எதற்காகத் தொடங்கினார்களோ அதைக்கொண்டே அளப்பதுதான் நியாயம்.

கிராமத்தைத் தொடங்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1957 முதல் 1967 வரை சென்னை அரசு கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கி, பின்னர் அரசு ஏற்றுக்கொண்ட பள்ளி அது. பணிக்கருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். ராய் சௌத்ரி காலத்திலேயே, 1944இல், பணிக்கரும் நண்பர்களும் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே 1960களில் அவர் முன் நின்ற கேள்வி ‘எப்படி வரைவது’ என்பதல்ல. படித்து முடித்து வெளியே போகும் பையன் ஐந்து வருடம் கழித்தும் வரைந்துகொண்டிருப்பானா என்பதுதான்.

அன்றைய சென்னையில் அவனுக்கு இருந்த வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலை, விளம்பரக் கம்பெனி, சினிமாவுக்கு செட்டும் பேனரும், வாரப் பத்திரிகை. படம் வாங்கும் பணக்காரர்களோ கேலரிகளோ பம்பாயில் இருந்த அளவுக்கு இங்கே இல்லை. வேலைக்குப் போனவன் மாலையில் களைத்து வந்து தூரிகையை எடுப்பான், பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பான், பிறகு எடுக்கமாட்டான்.

பணிக்கர் கண்ட வழி ஓவியத்தை விற்காமலே ஓவியனைப் பிழைக்கவைப்பது. 1960களின் நடுவில் ஓவியர் கைவினைச் சங்கம் உருவானது. பாத்திக், தோல் வேலை, உலோக வேலை, மண்பாண்டம் என்று பொழுதின் ஒரு பகுதியைக் கைத்தொழிலுக்குக் கொடுத்து வயிற்றைப் பார்த்துக்கொள்வது, மிச்சப் பொழுதில் யாருக்கும் கட்டுப்படாமல் வரைவது என்பது ஏற்பாடு. பாத்திக் நன்றாக விற்றது. அந்தப் பணத்தைச் சேர்த்து 1966இல் இஞ்சம்பாக்கத்தில் ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்திருந்தார்கள். மனைகளை உறுப்பினர்களுக்குப் பிரித்தார்கள். கண்காட்சிக் கூடமும் பட்டறையும் பொதுவில் நின்றன. ஓலைக் குடிசையில், மின்சாரம் இல்லாமல்தான் முதல் வருடங்கள் கழிந்தன. அரசாங்கத்தின் தயவை எதிர்பார்க்கவில்லை என்பதைக் கிராமம் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அந்தப் பெருமைக்கு அதற்கு உரிமை உண்டு.

பாத்திக்கை இடைக்கால ஏற்பாடாக, ஒரு படிக்கட்டாக மட்டும் நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அங்கேயே கொஞ்சம் நிற்கவேண்டும். உருக்கிய மெழுகால் துணியில் கோடு இழுக்கவேண்டும். மெழுகு ஆறுவதற்குள் கை முடித்தாகவேண்டும், அழிக்க முடியாது. பிறகு சாயத்தில் முக்கவேண்டும், காயவைக்கவேண்டும், அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு. கடைசியில் வெந்நீரில் மெழுகைக் கழற்றினால், மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் கசிந்து நரம்பு நரம்பாக ஓடியிருக்கும். அந்த நரம்பை முழுதாகக் கட்டுப்படுத்த யாராலும் முடியாது. தயங்காத கோடு, தட்டையான நிறப்பரப்பு, தற்செயலுக்கு விட்டுக்கொடுக்கும் துணிவு: இவை மூன்றும் சென்னை ஓவியத்தின் குணங்கள் என்று பேசப்படுபவை. பாத்திக்கிலிருந்துதான் அவை வந்தன என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்பே கல்லூரியில் கோட்டுக்கு முதலிடம் இருந்தது. ஆனால் காலையில் மெழுகு பிடித்த கைதான் மாலையில் தூரிகை பிடித்தது. பிழைப்பும் கலையும் ஒரே கையில் நடந்தன.

இதோடு ஒட்டி இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். கிராமத்தின் அன்பர்களுக்கு அது உவப்பாக இருக்காது. ‘சென்னை இயக்கம்’ என்று இன்று அழைக்கப்படுவதைச் சோழமண்டலத்தின் பிள்ளையாகவே பலர் எழுதுகிறார்கள். தேதிகள் இடம் தரவில்லை. ஜாதகக் கட்டம், ஏட்டுச்சுவடி, எழுத்து மாதிரியான கிறுக்கல் ஆகியவற்றை வைத்துப் பணிக்கர் செய்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை 1963இலேயே தொடங்கிவிட்டது. நிலம் வாங்கியது அதற்குப் பிறகு. அந்த இயக்கத்தின் பெரிய கைகளில் பல இஞ்சம்பாக்கத்தில் குடியேறவே இல்லை: ஏ.பி. சந்தானராஜ், எல். முனுசாமி, கே.எம். ஆதிமூலம். வி. விஸ்வநாதன் வந்து சேர்ந்த வேகத்தில் 1968இல் பாரிசுக்குப் போய்விட்டார். இயக்கம் பிறந்த வீடு பணிக்கர் முதல்வராக இருந்த அந்தப் பெரியமேட்டுக் கல்லூரி. சோழமண்டலம் அதன் ஒரு கிளைக்குக் கிடைத்த குடியிருப்பு. இதைச் சொல்வதால் கிராமத்தின் மதிப்பு குறையாது. எதற்கு அதைப் பாராட்டலாம், எதற்குக் கூடாது என்பது தெளிவாகும், அவ்வளவுதான்.

அப்படியானால் அங்கே இருந்ததால் மட்டுமே விளைந்தது என்று எதைச் சொல்லலாம்? எனக்கு உடனே இரண்டு தோன்றுகின்றன.

முதலாவது உலோகச் சிற்பம். எஸ். நந்தகோபால் பணிக்கரின் மகன். 1946இல் பிறந்து 2017இல் மறைந்தவர். அவருடைய வேலைகளைச் சுற்றிவந்து பார்க்கத் தேவையில்லை. திருவாசிக்கு முன் நிற்பதுபோல எதிரே நின்றால் போதும். தாமிரம், பித்தளைத் தகடுகளை வெட்டி, பற்றவைத்து, வளைத்து, மேலே நகை வேலைக்கு உரிய நுணுக்கத்தை ஏற்றுவார். அவருக்கு முன்னால் பி.வி. ஜானகிராம் மூலவருக்குச் சாத்தும் கவசத்தின் முறையை எடுத்துத் தகட்டை முகமாக்கிக் காட்டியிருந்தார். மேலைநாட்டுச் சிற்பம் நான்கு பக்கமும் பருமனைக் கேட்கும். இவர்கள் முகப்பை மட்டும் கேட்டார்கள். இது வெறும் கொள்கைப் பிடிவாதமாக இருந்திருந்தால் சீக்கிரமே சலித்திருக்கும். சலிக்காததற்குக் காரணம் பட்டறைப் பழக்கம். தட்டு, கிண்ணம், எனாமல், நகை என்று சிறு உலோகம் பழகிய சூழலிலிருந்து பெரிய உலோகத்துக்குப் போன கை அது. நந்தகோபாலின் சில பிற்கால வேலைகளில் அலங்காரம் உருவத்தை விழுங்கிவிடுகிறது என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் இந்தியச் சிற்பத்துக்குச் சோழமண்டலம் தந்தது என்று தயங்காமல் சொல்லக்கூடிய பங்கு இதுதான்.

இரண்டாவது கே. ராமானுஜம். மனம் நலிந்தவர், பேச்சு குறைந்தவர், தனியாக நகரத்தில் பிழைத்திருக்க முடியாதவர். அவருக்குச் சோழமண்டலம் கொடுத்தவை ஒரு கூரை, மை, காகிதம், தொந்தரவு செய்யாத அக்கம்பக்கம். அந்தச் சில வருடங்களில் அவர் வரைந்த மைச் சித்திரங்களில் மாளிகைகளும் கோபுரங்களும் பறக்கும் உயிர்களும் பாம்புகளும் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. நடுவே தொப்பி போட்ட ஒரு சிறிய மனிதனாக அவரே வருகிறார். பணிக்கரிடம் அறிவு முதலில் தெரியும்; சக ஓவியர் ஜே. சுல்தான் அலியிடம் பழங்குடிக் கலையின் உக்கிரம் தெரியும். ராமானுஜத்திடம் தேவைதான் தெரியும், வரைந்தே ஆகவேண்டும் என்ற தேவை. 1973இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த முடிவுக்குக் கிராமத்தைப் பொறுப்பாக்குவது அநியாயம். கிராமம் அவரைக் காப்பாற்றிவிட்டது என்று கதை கட்டுவதும் அநியாயம். அவர் வரைவதற்கு இடம் இருந்தது. வேறெங்கும் அது இருந்திருக்காது. விலையில்லாத நேரத்தை ஒருவனுக்குக் கொடுப்பது கலைக் குடியிருப்பின் முதல் கடமை என்றால், இந்த ஒரு மனிதரை வைத்தே சோழமண்டலம் தேறிவிடுகிறது.

இனி மறுபக்கம்.

மெல்ல மெல்லப் படங்கள் விற்கத் தொடங்கின. இந்திய ஓவியச் சந்தை வளர்ந்தது; தனியார் கேலரிகள் வந்தன; லலித் கலா அகாதமி கிரீம்ஸ் சாலையில் மண்டல மையம் திறந்தது. பாத்திக் தேவைப்படாமல் போனது. கட்டடம் எழுந்ததும் சாரத்தை அவிழ்ப்பதுபோல அதை அவிழ்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அதில் என்ன தவறு என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அவிழ்ந்தது சாரம் மட்டுமல்ல. கூடி உட்கார்ந்து ஒரே அடுப்பில் மெழுகு உருக்கியபோது மூத்தவன் செய்வதை இளையவன் பார்த்தான். வந்த பணத்தில் பொதுப் பங்கு இருந்தது. புதிதாக ஒருவன் வந்தால் அவனுக்குக் கொடுக்க வேலை இருந்தது. ஓவியம் மட்டும் மிஞ்சியபோது ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுக்குள் போனார்கள். ஓவியம் தனிமையில் செய்வது, அதற்காக யாரையும் நோக முடியாது. ஆனால் கிராமத்தைக் கிராமமாக்கிய ஒட்டு அந்தப் பட்டறைதான். அது போனபின் எஞ்சியது நல்ல மனிதர்கள் பக்கம்பக்கமாகக் குடியிருக்கும் ஒரு காலனி.

மனையைத் தனித்தனியாகப் பிரித்ததன் விளைவும் இதனோடு சேர்ந்தது. அன்று அது சரியான முடிவு. வாடகை வீட்டுக்காரனின் பயம் இல்லாமல் வரைய அதுதான் வழி. பம்பாயின் முற்போக்கு ஓவியர் குழு 1947இல் தோன்றிப் பத்து வருடம்கூடத் தாங்காமல் கலைந்தது. அவர்களைக் கட்டிப்போட நிலம் இல்லை. இங்கே நிலம் கட்டிப்போட்டது. ஆனால் வீடு வாரிசுக்குப் போகிறது, தூரிகை போவதில்லை. ஓவியர்கள் ஒவ்வொருவராக மறைய, எஸ்.ஜி. வாசுதேவ் 1988இல் மனைவி அர்னவாஸை இழந்தபின் பெங்களூருக்குப் போக, காலியான இடத்தில் இருபத்தைந்து வயது ஓவியன் ஒருவன் வந்து உட்கார வழியில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது. 2011இல் இஞ்சம்பாக்கம் மாநகராட்சிக்குள் வந்தது. இன்றைய மனை விலையில் எந்த இளம் ஓவியனும் அங்கே அடி எடுத்துவைக்க முடியாது. மாறாக, பரோடாவில் 1950இல் நுண்கலைப் புலம் தொடங்கியது. அங்கே ஆண்டுதோறும் புது மாணவர் வந்து பழைய ஆசிரியரோடு சண்டை போடுகிறார்கள். அதனாலேயே அந்த இடம் கிழடு தட்டவில்லை. சோழமண்டலத்தில் சண்டை போட இளையவர்கள் இல்லை.

ஒரு கலைக் குழு தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே என்று ஒரு வாதம் வரும். பம்பாய்க் குழு கலைந்ததை யாரும் தோல்வி என்பதில்லை, உண்மைதான். ஆனால் அது சேர்ந்து கண்காட்சி வைக்கவும் கொள்கை பேசவும் சேர்ந்த குழு. சோழமண்டலம் தன்னைக் கிராமம் என்று அழைத்துக்கொண்டது. கல்லூரியை விட்டு வெளியேறும் பையனின் நாளைக்காகப் பிறந்தது. அந்தப் பையன் இன்றும் பெரியமேட்டிலிருந்தும் கும்பகோணத்துக் கவின்கலைக் கல்லூரியிலிருந்தும் வெளியே வந்துகொண்டுதான் இருக்கிறான். அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி, அங்கிருந்தும் வருகிறான். அவனுடைய கேள்வி மாறவில்லை. டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் பதில் அனிமேஷன் கம்பெனி என்பதுதான் மாற்றம்.

பார்வையாளர் விஷயத்துக்கு வருகிறேன். பெரியமேட்டுப் பள்ளியிலேயே படித்த ஓவியர் சில்பி, விகடனில் கோயில் சிற்பங்களைக் கோட்டில் எழுதி வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தார். ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டிக் காந்தியைக் கோடுகளாக்கினார், பிறகு கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஜூனியர் விகடனில் வரைந்தார். நவீன ஓவியத்தை முறைத்துப் பார்த்த தமிழ் வாசகன் அந்தக் கரிசல் முகங்களை முறைக்கவில்லை. சோழமண்டலத்தின் பேச்சோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. முற்போக்கு ஓவியர் சங்கத்தின் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ இதழ் ஆங்கிலம். கிராமத்தின் சிறந்த விமர்சகர் ஜோசப் ஜேம்ஸ் எழுதியதும் ஆங்கிலம். மலையாளி, தெலுங்கர், கன்னடர், தமிழர் என்று நால்வகையும் கலந்த இடத்தில் ஆங்கிலம் பொது மொழியானது இயல்பு, குற்றம் சொல்வதற்கில்லை. விளைவு மட்டும் நிற்கிறது: தமிழில் எழுதுகிறவர்கள் கிராமத்துக்கு வெளியே இருந்த ஆதிமூலத்தைத் தங்களவராக நினைத்தார்கள், கிராமத்தை நினைக்கவில்லை.

கிராமத்தில் 2009இல் திறந்த சமகாலக் கலை மையத்தை இதற்குப் பரிகாரமாகச் சொல்வார்கள். பாதிக்குப் பாதி உண்மை. சென்னை இயக்கத்துக்கென்று ஓர் அருங்காட்சியகத்தை அரசு செய்திருக்கவேண்டும், செய்யவில்லை. எழும்பூர் தேசியக் கலைக்கூடக் கட்டடம் பல வருடம் பூட்டிக் கிடந்தது. பணிக்கரை விரிவாகப் பார்க்க விரும்பும் சென்னைவாசிக்குத் திருவனந்தபுரத்தில் அவர் பேரிலேயே உள்ள கூடத்துக்கு ரயிலேறுவது நல்ல யோசனை; அவர் பிறந்த கோயம்புத்தூரோ கற்பித்த சென்னையோ அப்படி ஒன்றைத் தரவில்லை. இந்த வறட்சியில் ஓவியர்களே தங்கள் தலைமுறையைத் தொகுத்து ஒரு கூரையின்கீழ் வைத்தது சாதாரணக் காரியம் இல்லை. தோட்டத்துச் சிற்பங்களையும் சேர்த்து ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம். அங்கே தொங்கும் படங்களில் தரம் ஏறி இறங்கித்தான் இருக்கிறது. உறுப்பினர் என்ற ஒரே தகுதியால் சுவரேறியவையும் கண்ணில் படுகின்றன. ஓர் இயக்கத்தின் அருங்காட்சியகத்தை அந்த இயக்கத்தவரே நடத்தும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வாடகைக்கு விடும் கண்காட்சி அறைகளும் உண்டு. பணம் கட்டக்கூடியவர்களின் படம் அங்கே வரும், அதன் தரம் அவர்களைப் பொறுத்தது.

நேர்மாறான ஓர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. நகரத்துக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடியேற்றிய கண்ணகி நகர், துரைப்பாக்கத்தை அடுத்து. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு அங்கே அடுக்குமாடிகளின் பக்கச் சுவர் முழுக்கப் பெரிய ஓவியங்களை வரையவைத்தது. பார்க்க டிக்கெட் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். ஆனால் வரைந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். வேலை முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். உப்புக் காற்றும் வெயிலும் அந்த வண்ணத்தை எவ்வளவு நாள் விட்டுவைக்கும்? சோழமண்டலத்தில் கலைஞன் தங்கினான், ஊர் வரவில்லை. கண்ணகி நகரில் ஊர் இருக்கிறது, கலைஞன் தங்கவில்லை. இரண்டையும் பிரிப்பது ஒரு கால்வாயும் சில கிலோமீட்டர் சாலையும்.

என் தீர்ப்பு இது. ஒரு தலைமுறையின் பிழைப்பைக் காப்பாற்றிய திட்டமாகச் சோழமண்டலம் முழு வெற்றி. இந்தியாவில் அதற்கு இணையான இன்னொன்றைக் காட்டுவது கடினம். கலை இயக்கமாக, கல்லூரிக்குச் சேரவேண்டிய புகழையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. சிற்பத்தில் மட்டும் அதற்குச் சொந்தக் கணக்கு உண்டு. கண்காட்சிக் கூடமாக, நடுத்தரம். கிராமமாக, பட்டறை அடங்கிய நாளோடு அது முடிந்துவிட்டது. பணிக்கர் 1977இல் இறந்ததை முடிவுப்புள்ளியாகப் பலர் வைக்கிறார்கள். தலைவர் போனதால் குலைந்தது என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. மெழுகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் தலைவர் இல்லாமலும் ஓடியிருக்கும்.

இனி என்ன செய்யலாம் என்பது விமர்சகன் வேலையில்லை. கேட்டால் ஒன்று சொல்வேன். வாடகை அறைகளில் ஒன்றை எடுத்துப் பட்டறையாக்கலாம்: பாத்திக் இல்லாவிட்டால் அச்சு, மரச்செதுக்கு, எனாமல், எது விற்குமோ அது. மூன்று கல்லூரிகளிலிருந்தும் வருடத்துக்குச் சிலரை எடுத்து, இரண்டு வருடம் தங்கவைத்து, விற்றதில் ஒரு பங்கைப் பொதுவில் போடச் சொல்லலாம். 1960களில் கைவினைச் சங்கம் நடந்த விதமும் ஏறக்குறைய இதுதான். புதிதாக எதையும் யோசிக்கத் தேவையில்லை. விற்கும் இடத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். வேளச்சேரி அடுக்குமாடிகளில் வெற்றுச் சுவர்கள் ஏராளம்; இப்போது அவற்றில் மாலில் வாங்கிய அச்சிட்ட புத்தர்கள் தொங்குகிறார்கள்.